தானே மாட்டும் கொக்கி

சீர்காழி ஜாஃபர் சாதிக் மறுபடியும் போன் செய்தார்.

"தம்பி, கொக்கி படக்குனு உடைஞ்சிடுச்சு."

இளவழகன் ரெசின் வாடைக்காகப் போட்டிருந்த முகமூடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சரிந்தான். "மன்னிச்சிடுங்க. வேற செஞ்சு அனுப்பறேன்."

பொம்மை ரயில் பெட்டிகளை இணைக்கும் கொக்கி அது. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். கணினியில் வரைந்து, ரெசின் என்ற பிசினில் முப்பரிமாணமாக அச்சடித்து, திருவையாற்று வீட்டு மாடியில் அவனே செய்தான். சென்னையில் வேலை போய் ஊர் திரும்பியபோது அவனிடம் மிச்சமிருந்தது அந்த அச்சு மெஷினும் ரயில் பைத்தியமும்தான். கொக்கியின் படத்தை மட்டும் இணையத்தில் போட்டு, 'தள்ளினால் தானே மாட்டும், தூக்கினால் கழலும்' என்று எழுதினான். டெல்டா முழுக்க ஒரே ஒரு ஆள்தான் வாங்கினார்.

அந்த ஒரு ரசிகரை இழக்க முடியுமா? கொக்கியைத் தடிமனாக்கினான்.

"உடையல தம்பி. ஆனா உறுத்துது."

தண்டவாளத்தில் உரசுகிறது போலும் என்று விளிம்பை மழுக்கினான். இப்போது மாட்டியது நிற்கவில்லை. வளைந்து கொடுக்கும் ரெசினுக்கு மாறினான்.

"நல்லா மாட்டுது. ஆனா துவைச்சா நெளிஞ்சு போகுதே."

இளவழகன் நெகிழ்ந்துபோய் மனைவியிடம் ஓடினான். "எழில், அவரு பெட்டியெல்லாம் துவைக்கிறாராம்!"

"யாராவது ரயில் பெட்டியைத் துவைப்பாங்களா?"

"ரசிகர்னா அப்படித்தான்."

எழில்மொழி ரசத்தை முகர்ந்து பார்த்தாள். ரெசின் வாடை. அடைமழையில் வெயில் இல்லாததால் கொக்கிகள் அடுப்படி மேடையில் விளக்கொளியில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஸ்பிரிட்டில் கழுவிய டப்பா, அவள் இட்லி மாவு வைக்கும் டப்பா.

"முகம் தெரியாத ஆளு ஒரு வார்த்தை சொன்னா சோறு தண்ணி இல்லாம மாத்தற. நான் சொல்றது எதுவும் உன் காதுல ஏற மாட்டேங்குது" என்றாள். கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

வெறிச்சோடிய வீட்டில் அவன் புதுக் கொக்கி ஒன்றை வரைந்து அனுப்பினான். கொஞ்ச நாள் சத்தமே இல்லை. பிறகு போன் வந்தது.

"தம்பி, கல்யாண வீட்டுல விட்டுடுச்சு. அத்தனை சனம் பாக்க."

கல்யாண வீட்டில் ரயில் ஓட்டியிருக்கிறார்! கல்யாணக் கூட்டத்தின் நடுவே பெட்டிகள் கழன்று நிற்கும் காட்சி இளவழகன் கண்ணில் ஆடியது. எழில் போனை எடுக்கவில்லை. மெஷினை விற்றுவிடுவது என்று முடிவு செய்தான். ஆனால் அந்த மனிதரிடம் நேரில் மன்னிப்புக் கேட்காமல் அதைச் செய்ய மனம் வரவில்லை.

கடைசியாகச் செய்த கொக்கிகளோடு பஸ் ஏறினான். வழி நெடுக சம்பா நாற்று முங்கிக் கிடந்தது. மாயவரத்தில் பஸ் மாறும்போது முழுக்க நனைந்தான்.

ஜாஃபர் சாதிக் வீட்டு முன்னறையில் ஒரு தையல் மெஷினும் துணிக் குவியலும் இருந்தன. தண்டவாளத்தைக் காணோம்.

"ரயிலு எங்கேங்க ஓடுது?"

"சாயங்காலம் ஒண்ணு இருக்கு தம்பி. ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடிக்கணும்."

"அது இல்லீங்க. என் கொக்கி மாட்டுன ரயிலு."

பெரியவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "அதைப் போய் எதுக்கு ரயில்ல மாட்டணும்?"

இளவழகன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான். டெல்டாவில் இருந்த ஒரே ரசிகரும் இல்லை என்றாகிவிட்டது. இதற்காகவா எழில் வீட்டை விட்டுப் போனாள்?

"அப்ப கல்யாண வீட்டுல கழண்டது?" என்று கேட்டான்.

உள்ளிருந்து பெரியவரின் மனைவி காலை இழுத்து இழுத்து வந்தார். வலது கை துவண்டு தொங்கியது. இடது கையால் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நனைந்திருந்தவனைப் பார்த்துச் சிரித்தார்.

"அதுக்கெல்லாம் விசனப்படாதே தம்பி. வாதம் வந்து கை விழுந்த பொறவு, அடுத்தவங்களை ஒத்தாசைக்கு நிக்க வைக்காம என் ஜாக்கெட்டை நானே மாட்டிக்கிட்டுப் போன மொத கல்யாணம் அதுதான்."