மைக்ரான் நிரப்பிய படிவம்

பொய் சொல்கிறவர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். உண்மையை ஒன்றுவிடாமல் சொல்கிறவரோடு வேலை பார்ப்பதுதான் உலகத்திலேயே கொடிய தண்டனை. அதை நான் ஆறு வருடமாக அனுபவித்து வருகிறேன். என் தண்டனையின் பெயர் மைக்ரான்.

சேலத்துக்கு வெளியே உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் அவர் கிரைண்டிங் மெஷின் ஆபரேட்டர். நான் நிர்வாகப் பிரிவு. ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பிசகினாலும் பொருளைத் தூக்கிக் கழிவில் போட்டுவிடுவார் என்பதால் அந்தப் பெயர். இந்தக் கறாரை மெஷினோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. 'சாப்பிட்டீங்களா' என்று மரியாதைக்குக் கேட்டால் மூன்றே கால் இட்லி என்பார். மீதி முக்கால் ஏன் மிஞ்சியது என்பதையும் நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

போன வருடம் ராணுவத்துக்கான ஆர்டர் ஒன்று வந்தது. அந்த வேலை நடக்கும் புது ஹாலுக்குள் போகிறவர்கள் எல்லோரும், நிர்வாகப் பிரிவில் இருக்கும் நான் உட்பட, பாதுகாப்பு அனுமதி வாங்க வேண்டும். மைக்ரான் பார்த்துவந்த பழைய ஷெட்டையோ மூடப்போகிறார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ஐம்பத்திரண்டு வயதில் அவர் வேலைக்கு எங்கே போவார்? படிவத்தில் ஒன்பதாவது கேள்வி, திருப்பிச் செலுத்தாத கடன்கள் உண்டா என்பது. பதிலுக்கு ஐந்து வரி இடம் விட்டிருந்தார்கள்.

படிவங்களை வாங்கிச் சரிபார்க்கும் என்னிடம் மைக்ரான் பதினொரு தாள் இணைத்துக்கொண்டு வந்தார். மல்லசமுத்திரத்தில் மகளின் காதுகுத்துக்கு மொய் வைத்த இருநூறு சொச்சம் பேரும் பெயர், ஊர், தொகையோடு அதில் வரிசையாக நின்றார்கள்.

"அண்ணா, மொய்யெல்லாம் கடன்ல சேராதுங்க."

"அவிய ஊட்டு விசேசத்துக்குத் திருப்பிச் செய்யோணும்ல சாமி? அப்பறம் அது கடனில்லாம என்னங்க?"

எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

உண்மையான ஆபத்து கடைசித் தாளின் அடியில் இருந்தது. மச்சான் வாங்கிய போர்வெல் வண்டியின் கடனுக்கு இவர் ஜாமீன் போட்டிருக்கிறார். வண்டிக்கு வேலை இல்லை. தவணை நின்றுபோய், வங்கி இவருக்கு நோட்டீஸ் விட்டிருந்தது. கடனில் இருப்பவனைக் காசைக் காட்டி மடக்கிவிடலாம் என்ற பயத்தில்தான் இந்தக் கேள்வியே கேட்கிறார்கள், தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் கத்தியும் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்தார். அப்பாடா, அந்த வரியை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அன்றைய தேதி வரைக்குமான வட்டியைச் சேர்த்து எழுதினார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதினொரு தாளையும் பொறுமையாகப் புரட்டினார். போர்வெல் வண்டிக் கடனைப் பற்றிக் கேட்டார். நோட்டீஸ் வந்த பிறகு தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டிவருவதற்கான ரசீதுகளை மைக்ரான் எடுத்து வைத்தார். மனைவிக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியுமுங்க. ரெண்டு நாள் பேசாம இருந்துச்சு. மூணாம் நாள் வளையலைக் கழட்டிக் குடுத்துச்சுங்க."

அதிகாரி ரசீதுகளை அடுக்கித் தாள்களோடு சேர்த்து வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கடன் இருக்கறதும் பிரச்சினைதான் சார். ஆனா இவர் கட்டிக்கிட்டு வர்றாரு, எதையும் ஒளிக்கலை. ஒளிச்சு வெச்சிருக்கறவரைத்தான் யாராவது மிரட்டி வேலை வாங்க முடியும்" என்றவர், அடுத்ததாக என் படிவத்தை எடுத்தார்.

ஒன்பதாவது கேள்விக்கு நான் 'இல்லை' என்று அழகாக எழுதியிருந்தேன். இரண்டு கிரெடிட் கார்டுகளில் நான் கட்டாமல் விட்ட பாக்கி அவர் கையிலிருந்த தாளில் இருந்தது. என் வீட்டுக்கே தெரியாத சங்கதி அது.

மைக்ரானுக்கு அனுமதி கிடைத்தது. என்னுடையதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இப்போது வாசலோரத்து அறையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்குகிறேன். ஊட்டில் சொல்லிப்போடுங்க சாமி என்று மைக்ரான் ஒரு வாரம் அரித்தெடுத்தார். சொன்னேன். என் வீட்டில் பேசாமல் இருந்தது ரெண்டு நாளோடு நிற்கவில்லை, இருபது நாள் ஆனது. ஆனாலும் அதன் பிறகுதான் ஒழுங்காகத் தூங்குகிறேன். இப்போது பாக்கியைக் கட்டி வருகிறேன். இன்னும் எவ்வளவு மிச்சம் என்று மைக்ரான் தினமும் பைசா சுத்தமாகக் கேட்டு உயிரை வாங்குகிறார்.

புது ஹாலுக்குள்ளேயே ஏ.சி. போட்ட சாப்பாட்டு அறை இருக்கிறது. வெளியே வந்து திரும்பினால் இரண்டு முறை உடல் சோதனை. பாதி இடைவேளை அதிலேயே போய்விடும். அப்படியும் மதியமானால் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு என் அறைக்கு வந்துவிடுகிறார். எதற்கு இந்த அலைச்சல் என்று திட்டித் தீர்க்கிறேன், கேட்பதில்லை. அவர் வர ஐந்து நிமிடம் தாமதமானால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.