ஒன்பது குட்டிகளைக் குளிப்பாட்டிய ஞாயிற்றுக்கிழமை

தூக்கமில்லாத ஆளிடம் "சும்மா உட்கார்ந்திரு" என்று மட்டும் சொல்லக் கூடாது. உட்கார்ந்தால் கண் சொருகிவிடுமோ என்ற பயத்தில் எழுந்து எதையாவது இழுத்துப் போட்டுக்கொள்வோம். அப்படி நான் இழுத்துப் போட்டுக்கொண்ட ஒரு வேலையால், ஒன்பது ஆட்டுக்குட்டிகள் தாய் கண்ணெதிரே நிற்கும்போதே அநாதைகளாயின.

கல்யாணமாகி, தங்கச் சுரங்கத்தை ஒட்டிய பாலகாட்டுக்கு வந்த முதல் வருஷம் அது. நான் பக்கத்து மாரிகுப்பத்துப் பெண். பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் சட்டைகளில் கறை இருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன். விடியுமுன் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவேன். மாப்பிள்ளை வீட்டில் ஆடு உண்டு என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். ஆடுகளுக்குத்தான் அந்த வீடு, மனிதர்கள் ஓரமாக இருந்துகொள்வார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை.

என் மாமனார் சுரங்கத்தில் ஆட்கள் நிற்கும் கேஜை, அதாவது இரும்புக் கூண்டை, ஏற்றி இறக்கும் இன்ஜினை ஓட்டியவர். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் அவருக்குள் ஷிப்ட் மட்டும் மூடவில்லை. ஆடுகள் குட்டி போடும் பருவம் வந்தால் பட்டிக் கதவில் சாக்பீஸால் கோடு போட்டு, யார் எந்த ஷிப்ட் என்று எழுதிவிடுவார். மாற்று ஆள் வராமல் நகரக் கூடாது. "ஷாப்ட்டுக்குள்ள ஆளு கீறப்ப இன்ஜின வுட்டுட்டு பூடுவியா நீ?" என்று கேட்பார். (இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் இன்றுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.) ஆனால் குட்டியை வெளியே எடுப்பது, சீம்பால் குடிக்க வைப்பது என்று உண்மையான வேலையெல்லாம் மாமியாருடையது. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன்.

மூன்றாவது வாரத்தில் வீட்டில் ஒருவரும் முழு மனிதராக இல்லை. மாமா ஷேவிங் கிரீமில் பல் தேய்த்தார். என் வீட்டுக்காரர் பாபு சோற்றில் கை வைத்தபடியே தூங்கினார். நான் தினமும் ரயிலில் செத்த பிணமாகக் கிடந்தேன். மாரிகுப்பம் கடைசி ஸ்டேஷன் என்பதால் பிழைத்தேன், இல்லையென்றால் எந்த ஊரில் கண் விழித்திருப்பேனோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை பங்காருபேட்டைக்கு ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டியிருந்தது. பகல் ஷிப்ட் எனக்கு.

"ரெண்டு நாள்ல ஒம்பது குட்டி வுழுந்து கீது. எல்லாம் பால் குடிச்சிடுச்சி. நீ ஒண்ணியும் செய்யாத. பாத்துகினு மட்டும் இரு. நான் சாப்ட்டுட்டு ஓடியாந்துடறேன்," என்றார் அத்தை.

பாபு மற்ற ஆடுகளை மேய்க்க ஓட்டிப் போனார். மாமா இரவு ஷிப்ட் முடித்துக் குறட்டையில் இருந்தார். நானும் ஒன்பது தாய்களும் ஒன்பது குட்டிகளும் மிச்சம். அரைமணி நேரம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து மணிக்குக் காற்று எழுந்தது. ஆனி மாதக் கடைசி. எங்கள் ஊரில் சயனைடு மேடு என்று ஒன்று உண்டு. சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண்ணை மலை மலையாகக் கொட்டி வைத்தது. காற்றடித்தால் அந்தச் சாம்பல் தூள் ஊருக்குள் வந்து உட்காரும். என் அம்மா வீட்டில் இதற்கு ஒரு சட்டம்: தூள் அடித்த நாளில் தலைக்குக் குளிக்காமல் சோறு கிடையாது. அப்பா ஷிப்ட் முடிந்து வந்தாலும் இதே கதைதான். வாசலிலேயே பக்கெட், சோப்பு. அந்தச் சட்டத்திலேயே வளர்ந்தவள் நான்.

குட்டிகளைப் பார்த்தேன். ஈரம் முழுசாகக் காயாத ரோமத்தில் தூள் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. தாய்கள் அதை நக்கிக்கொண்டிருந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சயனைடை நக்குகின்றன! (சுரங்கக்காரர் மகளுக்கு மேட்டின் பெயருக்கும் விஷத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.) உடனே வெந்நீர் போட்டேன்.

என் வேலையில் நான் குறை வைக்க மாட்டேன். வேப்பிலை சோப்பு, தேங்காய் நார், பழைய துண்டு. ஒவ்வொரு குட்டியின் முதுகிலும் ஒரு கறை வேறு இருந்தது. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், இன்னொன்றுக்கு மஞ்சள், சிலதுக்கு இரண்டு, மூன்று புள்ளி. கறையைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? ஒரு புள்ளி மிச்சமில்லாமல் தேய்த்தேன். சளி பிடிக்காமல் துவட்டி, மேலே கொஞ்சம் முகப் பவுடரும் போட்டேன். ஒன்பதும் ஒரே பண்டலில் வந்த சட்டைகள் மாதிரி பளிச்சென்று நின்றன. சாயந்திரம் அத்தை வாய் பிளக்கப்போகிறார் என்று எனக்குள் ஒரே பெருமை.

குட்டிகளைப் பட்டிக்குள் விட்டேன். முதல் குட்டி ஒரு தாயிடம் ஓடியது. தாய் அதன் வாலடியில் மோந்து பார்த்தது, பின்வாங்கியது, முட்டித் தள்ளியது. குட்டி அடுத்த தாயிடம் போனது. அங்கேயும் முட்டு. பத்து நிமிஷத்தில் ஒன்பது குட்டிகளும் மூலையில் ஒண்டிக்கொண்டு கத்தின. தாய்களோ பவுடர் போட்ட இந்தப் பிசாசுகளை விட்டுவிட்டு, தங்கள் குட்டிகளைத் தேடிப் பட்டி முழுக்கக் கத்தின.

சத்தத்தில் மாமா எழுந்து வந்தார். காற்றில் மோந்தார்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரி வாசன அடிக்குது?"

சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மெதுவாகக் கதவருகே போய், சாக்பீஸ் எடுத்து, என் பெயருக்கு நேராக 'ஆக்சிடென்ட்' என்று எழுதினார். பிறகு அத்தைக்குப் போன் போட்டார்.

அத்தை பந்தியிலிருந்து எழுந்து, கிடைத்த பஸ்ஸில் வந்தார். பட்டுப் புடவையோடு பட்டிக்குள் நுழைந்தார். ஒரு குட்டியைத் தூக்கினார். மோந்தார். முதுகைத் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளி எங்க?"

"எந்தப் புள்ளி அத்தை?"

"குங்குமத்துலயும் மஞ்சள்லயும் சொட்டு நீலத்துலயும் வெச்சனே! தாய்க்கு ஒண்ணு, குட்டிக்கு ஒண்ணு. எது யாருதுன்னு தெரியறதுக்கு!"

அப்போதுதான் தாய்களின் முதுகைப் பார்த்தேன். ஒன்பது முதுகிலும் அழகாகப் புள்ளிகள் இருந்தன.

"சயனைடு அத்தை... நக்குச்சி..." என்றேன்.

"நாங்க இத்தினி வருஷமா அந்தத் தூளத்தான துன்னுகினு கீறோம்? செத்தா பூட்டோம்?" அவர் குரல் திடீரென்று இறங்கியது. "பால் இல்லாம நாளைக்குள்ள ரெண்டு மூணு பூடும்மா."

அதைக் கேட்டு நான் அழுதேன். பரிதாபத்துக்காக அல்ல, உண்மையாகவே அழுதேன். இருபது நாளாகக் கண் மூடாத அந்த மனுஷி வெளியே எடுத்த உயிர்களை ஒரு பக்கெட் வெந்நீரில் நான் முடித்துவிட்டேனே!

அத்தை என் அழுகைக்கு நேரம் ஒதுக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஒவ்வொரு குட்டியாக மடியில் போட்டு, காது, முழங்கால், மூக்கு நுனி என்று பார்த்து, "இது சிவப்பு. இது ரெட்ட மஞ்ச," என்று பிரித்தார். எனக்கு ஒன்பதும் ஒரே முகம்தான். பிறகு தாய்க்குத் தன் வாசனை தெரியட்டும் என்று அந்தந்தத் தாயின் பாலைக் கறந்து அந்தந்தக் குட்டியின் தலையிலும் வாலடியிலும் பூசினார். நான் தாயின் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குட்டி குடிக்க வேண்டும். ஒன்பது தாய், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. மாமா கதவில் மூன்று ஷிப்ட்டுக்கும் என் பெயரையே எழுதிவிட்டார். கம்பெனிக்கு லீவு சொன்னேன். காரணம் கேட்டார்கள். வீட்டில் பிரசவம் என்றேன். எத்தனை நாள் லீவு என்றார்கள். ஒன்பது பிரசவம் என்று சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிவப்புப் புள்ளித் தாய், நான் காலைப் பிடிக்காமலே தன் குட்டியை நக்கியது. நான் பட்டிச் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிவிட்டேன். வியாழக்கிழமைக்குள் எட்டு தாய்கள் மனம் மாறின. இரட்டை நீலம் மட்டும் கடைசிவரை என்னை மன்னிக்கவில்லை. அதன் குட்டி என் கையால் பாட்டில் பால் குடித்து வளர்ந்தது. வேப்பிலை சோப்புதான் தாய் என்று அது முடிவு செய்துவிட்டது. குளித்துவிட்டு யார் வெளியே வந்தாலும் பின்னாலேயே ஓடும்.

அடுத்த வருஷம் எனக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் அவளைச் சுத்தமாகத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அத்தை வாங்கி, காதைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், வார்டே கேட்கும்படி சொன்னார்:

"நல்லா மோந்து பாத்துக்கம்மா. உன்துதான். முட்டித் தள்ளிடாத."

பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு மாமா முழுக் கதையையும் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் குழந்தையின் தலையில் மூக்கை வைத்தேன். நிஜமாகவே மோந்துதான் பார்த்தேன்.

அத்தை மைச் சிமிழை எடுத்து, குழந்தையின் பாதத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"இத்தயாவது தேச்சி எடுக்காம வுடு," என்றார்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. தூள் அடித்த நாளில் சோப்போடு நான் வாசலில் நின்றால், காலைத் தூக்கிப் பாட்டியிடம் நீட்டிவிட்டு, ஒரு பொட்டு வாங்கிக்கொண்டுதான் குளிக்க வருகிறாள்.