குளுமோவின் முதுகில் என்ன இருக்கிறது?

ஊர்காவற்றுறை,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள தம்பி சுபாஸ்கரன் அறிவது,

உன் அக்கா சறோஜினிதேவி எழுதுகிறேன். இங்கே நானும் இரண்டு ஆடுகளும் கிணற்றுத் தண்ணீரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் பிரியதர்சினியும் பிள்ளை கம்சிகாவும் குளிருக்கு நன்றாக மூடிக்கட்டிக்கொண்டு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுவிஸில் இப்போது வெயில்காலம் என்று நீ சொன்னாய்தான், நான் நம்பவில்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடியதைக் கடதாசியில் எழுதி, சூரிச்சுக்குப் போகிற ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தனுப்புகிறாளே, அக்காவுக்கு என்ன விசரோ என்று யோசிப்பாய். உன் போன் எந்நேரமும் பிள்ளையின் கையில். நான் அனுப்புகிற குரல்பதிவை உனக்கு முதல் அவள் கேட்டுவிடுவாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதது எனக்குப் பெரிய மனவருத்தம். இன்றைக்கு மட்டும் அது உதவியாக இருக்கிறது.

விசயம் இதுதான். நான் வீடியோவில் வந்தால் கம்சிகா கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். "மாமிக்கு வணக்கம் சொல்லு" என்று நீ பிடித்திழுக்க, எனக்கு ஒரு காதும் அரைக் கன்னமும் தெரியும். எனக்கென்று இருக்கிற ஒரே மருமகள். அந்த அரைக் கன்னத்தைப் பார்த்துவிட்டு நான் போனை வைத்துவிட்டு என்ன பாடுபட்டேன் என்று உனக்குச் சொன்னதில்லை. அப்படி இருந்த பிள்ளை மாசி மாதத்தில் ஒருநாள் தானாகவே முன்னால் வந்து, ஒரு படத்தை நீட்டி, "மாமி, இது செய்வீங்களோ?" என்று கேட்டாள். படத்தில் இருப்பது பூசணிக்காயா பிள்ளையாரா என்றுகூடப் பார்க்காமல், "ஓமடா குஞ்சு, இதென்ன பெரிய வேலையே, நீர் ஊருக்கு வரேக்கை செய்து வைச்சிருப்பன்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை சிரித்தாள். முழு முகத்தோடு சிரித்தாள்.

பிறகுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். மூன்று கண். மூக்கில்லை. நான்கு கை. பாசி நிறம். குளுமோ என்று பெயராம், வேற்றுக்கிரகத்து ஆளாம், பிள்ளை விளையாடுகிற கேமில் வருகிறதாம். நான் மனையியல் படிப்பித்தவள், குறோசேயில் நான் பின்னாத மேசைவிரிப்பு இந்தத் தீவில் கிடையாது, ஆனால் பொம்மை பின்னியதில்லை. யூரியூபில் தேடினேன். கொக்கி ஊசியால் இப்படிப் பொம்மை பின்னுவதற்கு ஜப்பான்காரர் அமிகுறுமி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவில் சின்ன வளையம் போட்டு, சுற்றுக்குச் சுற்று கண்ணியைக் கூட்டிக்கொண்டு போய், பிறகு குறைத்துக்கொண்டு வந்து, வாய் மூடுவதற்கு முன் பஞ்சை அடைக்கிறார்கள். என்ன கெட்டித்தனம்! இரண்டு நாள் வேறு வேலை செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அங்கேதான் கரைச்சல் தொடங்கியது. மேசைவிரிப்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். பொம்மைக்கு முதுகு வேண்டும். பிள்ளை தந்த படத்தில் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. குளுமோவின் முதுகு எப்படி இருக்கும்? வால் உண்டா? செதிளா, மயிரா, மொட்டையா? பிள்ளையிடமே கேட்டிருக்கலாம். ஆனால் "பெரிய வேலையே" என்று வாய் விட்ட பிறகு எப்படிக் கேட்பது?

அனலைதீவுக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் வேலை செய்கிற ஜெனிஸ்ரனைப் பிடித்தேன். போன் விசயமெல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவன் சொல்கிறான், "ரீச்சர், முதுகைப் பற்றி ஏன் யோசிக்கிறியள்? எல்லாரும் முன்னுக்குத்தானே பாப்பினம்." "அப்ப நீ போடுற சேட்டுக்கு முன்பக்கம் மட்டுந்தானோ?" என்று கேட்டேன். அவன் பிறகு என் போனில் அந்தக் கேமை ஏற்றித் தந்துவிட்டுப் போனான்.

சுபாஸ், நீ அந்தக் கேமை விளையாடியிருக்கிறாயா? நாங்கள் ஒரு கிரகத்தில் போய் இறங்க வேண்டும். அங்கே குளுமோ நிற்கும். மினுங்குகிற கல்லுகளைப் பொறுக்கிக் கொடுத்தால் துள்ளும். கல்லை ஏன் கேட்கிறது, சாப்பிடுகிறதா, வீடு கட்டுகிறதா, ஆணா பெண்ணா, மூக்கில்லாமல் எப்படி மூச்சுவிடுகிறது என்று எனக்கு ஆயிரம் கேள்வி. ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. நான் இடப்பக்கம் போனால் அது இடப்பக்கம் திரும்புகிறது, வலப்பக்கம் போனால் வலப்பக்கம் திரும்புகிறது. பாறைக்கு மேல் ஏறிப் பார்த்தேன், பற்றைக்குள்ளால் சுற்றிப் பார்த்தேன், பள்ளத்தில் விழுந்து செத்தும் பார்த்தேன். செத்த பிறகும் அது என்னையே பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. எத்தனை பிள்ளைகளை வகுப்பில் அடக்கியவள் நான், இந்தச் சனியனைத் திருப்ப என்னால் ஏலவில்லை.

சரி, முதுகைப் பிறகு பார்ப்போம் என்று அதை மொட்டையாக விட்டு, மற்றதையெல்லாம் பின்னினேன். இலவம் பஞ்சு அடைத்தேன். ஒரு கைக்குழந்தை அளவில் வந்திருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, மூன்று கண்ணும் உயிருள்ள கண் மாதிரி. மூன்று கை வைத்ததும் பச்சை நூல் முடிந்துவிட்டது. பஞ்சு காயட்டும் என்று அதை முற்றத்தில் கதிரையில் வெயிலுக்கு இருத்திவிட்டு, நூல் வாங்க யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். கடைக் கடையாக ஏறி இறங்கினேன், அந்தப் பச்சை இல்லை, எப்போது வரும் என்று சொல்ல ஆளும் இல்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தால், எங்கள் ஒழுங்கை முகப்பில் பஸ் தானாகவே மெதுவாகப் போகிறது, சனம் எல்லாம் ஒரு பக்கத்து யன்னலால் எட்டிப் பார்க்கிறது. நானும் எட்டிப் பார்த்தேன். நீங்கள் வந்து நிற்பதற்காகக் கட்டுகிற புதுக் குளியலறைச் சுவருக்கு மேலே, ஒரு கம்பில், ரோட்டைப் பார்த்தபடி குளுமோ!

நாலாவது கை இருக்க வேண்டிய இடத்தில் செத்தல் மிளகாய் மாலை. கழுத்தில் ஒரு பழைய செருப்பு.

பஸ்ஸால் இறங்கியபடியே கத்தினேன். "இலட்சுமணன், உதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறீர்?" நம்முடைய மேசனுக்கு முகமெல்லாம் சந்தோசம். "ரீச்சர், கண்ணூறு படாமல் கட்டடத்துக்கு வெருளி கட்ட வேணுமெண்டு நான் பழைய சேட்டும் உடைஞ்ச பானையும் தேடித் திரியிறன். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லாமல் உப்பிடி ஒரு சாமானைச் செய்து கதிரையிலை வைச்சிருக்கிறியள்! மூண்டு கண், ரீச்சர்! இதைத் தாண்டி எந்தக் கண்ணூறு வரும்?" "ஐயோ, உது என்ரை மருமகளின்ரை விளையாட்டுச் சாமான்!" என்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டு ஆறுதலாகச் சொல்கிறார், "கட்டினது கட்டினதுதான். வேலை முடிஞ்சு குழாயிலை முதல் தண்ணி வரமுன்னம் வெருளியைக் கழட்டிச் சுவர் வெடிச்சால் நான் பொறுப்பில்லை." வீட்டுக்கென்றால் புதுவீடு புகுகிற குடிபூரல் வரைக்கும் வெருளி நிற்கும். குளியலறைக்குத் தண்ணீர்தான் குடிபூரலாம். இந்தச் சட்டத்தை எங்கே படித்தார் என்று கேட்க வந்தது, அதற்குள் கிறேசம்மா அக்கா வந்துவிட்டார்.

கிறேசம்மா அக்காவின் நாவூறை நீ மறந்திருக்கமாட்டாய். "உங்கடை முருங்கை என்ன காய் காய்க்குது" என்றார், அடுத்த கிழமை மரம் முறிந்து விழுந்தது. நல்ல மனுசி, பாவம், வஞ்சகமில்லாமல்தான் புகழுவார், அவர் புகழ்ந்த சாமான்தான் தப்பாது. படலையடியில் நின்றுகொண்டு, "எடி சறோசா, என்ன வடிவாக் கட்டி..." என்று தொடங்கினார். எனக்கும் மேசனுக்கும் மூச்சு நின்றுவிட்டது. அந்த நேரம் அவர் மேலே பார்த்தார். திறந்த வாய் திறந்தபடி. "உதுக்கு ஏன் மூக்கில்லை?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். புகழவேயில்லை! அன்று பின்னேரத்துக்குள் கதை காரைநகர் வரைக்கும் போய்விட்டது. இப்போது அரைகுறைச் சுவர் வைத்திருக்கிற எல்லோரும் வந்து, "ரீச்சர், எங்களுக்கும் ஒண்டு பின்னித் தாங்கோவன்" என்று கெஞ்சுகிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கையில்லை என்பது உனக்குத் தெரியும். ஏணி வைத்துக் கழற்ற ஏறினேன். பாதியில், சுவர் வெடித்து உங்கள் தலையில் விழுந்தால் என்ற யோசனை வந்தது. இறங்கிவிட்டேன்.

ஊர் முழுவதும் அதன் முகத்தைப் பார்க்கிறது. குசினி யன்னலால் எனக்குத் தெரிவது அந்த மொட்டை முதுகு மட்டும்தான். தேத்தண்ணி குடிக்கிற நேரமெல்லாம் அது என்னைக் கேட்கிறது, கண்டுபிடித்தாயா என்று. எனவே விடாமல் விளையாடினேன். நேற்று மத்தியானம் உலையில் அரிசி போட வேண்டியிருந்ததால், போனை அப்படியே தட்டில் சாத்திவைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தேன். நானும் ஓடவில்லை, கல்லும் பொறுக்கவில்லை. சும்மா கிடந்தது. பிறகு தற்செயலாகத் திரும்பினால், குளுமோ நிலத்தில் குந்தி இருந்துவிட்டது. மெதுவாக, மெதுவாக மற்றப் பக்கம் திரும்பியது. முதுகில் ஒரு குட்டி, சுபாஸ்! உள்ளங்கையளவு குட்டிக் குளுமோ, மூன்று கண்ணையும் மூடி நித்திரை. தாய் ஒரு கையைப் பின்னால் கொடுத்துத் தட்டிக்கொண்டிருக்கிறது. "அட, இதுக்காகத்தானே மூஞ்சையைக் காட்டிக்கொண்டே நிண்டனீ?" என்று போனைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டுவிட்டேன். சந்தோசத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது.

ஆனால் கண்டுபிடித்து என்ன பயன்? குளுமோ கம்பில். பச்சை நூல் இல்லை. தண்ணீர் மோட்டர் கொழும்பிலிருந்து வர வேண்டும், நீங்கள் வந்து இறங்குவதற்கு முன் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது என்று மேசன் சத்தியம் பண்ணுகிறார். வெறுங்கையோடு நிற்கிற மாமியைக் கண்டால் பிள்ளை என்ன நினைப்பாள்? திரும்பவும் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள், பிறகு நான் குட்டிக்கரணம் போட்டாலும் வரமாட்டாள். எனக்கு அது ஒன்றுதான் பயம். சுவர் வெடித்தால் பூசலாம்.

ஆகவே தம்பி, அக்கா வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். அங்கே கடைகளில் குளுமோ பொம்மை விற்கிறதாம், ஜெனிஸ்ரன் போனில் காட்டினான். பிள்ளைக்குத் தெரியாமல் ஒன்று வாங்கி, உன் பெட்டிக்குள் உடுப்புக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து, படலையடியில் அவள் ஆடுகளைப் பார்க்கிற நேரம் என்னிடம் தந்துவிடு. நான்தான் செய்தேன் என்று சொல்லிக் கொடுத்துவிடுவேன். அதன் பின்பக்கத்தையும் படத்தில் பார்த்தேன், மொட்டை, ஒரு லேபல் மட்டும். செய்தவர்களுக்கே தெரியாது போலிருக்கிறது. லேபலை வெட்டிவிடு. குட்டியை நான் ஏதாவது நூலில் பின்னி முதுகில் தைத்துவிடுகிறேன், அந்தளவுக்காவது பொய்யில்லாமல் இருக்கட்டும். பிரியதர்சினிக்குக்கூடச் சொல்லாதே. அவளுடைய சிரிப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

நயினை அம்மாள் உங்கள் மூவரையும் வானத்திலும் கடலிலும் கூட்டிக்கொண்டு பத்திரமாக இந்தப் படலைக்குள் கொண்டுவந்து விடட்டும். உங்கள் தலைமாட்டில் எப்போதும் என் கை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்பு அக்கா,
சறோஜினிதேவி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விடு. கடைப்பக்கம் போகாதே. கடித உறையை ஒட்டப்போகிற நேரம் உன் போனிலிருந்து அழைப்பு வந்தது. நீ என்று நினைத்தேன், பிள்ளை. நீ குளிக்கப் போயிருந்தாயாம். "மாமி, குளுமோ முடிஞ்சுதோ?" என்றாள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வரவில்லை. மேசன், மிளகாய், செருப்பு, கிறேசம்மா அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கண்ணூறு என்றால் என்ன, வாயால் புகழ்ந்தாலும் படுமா, பிள்ளைகளுக்கும் படுமா என்று கேள்விமேல் கேள்வி, தெரிந்த தமிழையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி. முதுகில் குட்டி இருக்கிறது என்றேன். "இல்லை மாமி, நான் எவ்வளவு நாள் விளையாடினனான்" என்று சண்டைக்கு வந்தாள். "ஓடாமல் சும்மா இருந்து பாரும்" என்றேன். போனை வெட்டாமல் வைத்துவிட்டு, அம்மாவின் போனில் பார்க்கப் போனவள் வெகுநேரம் வரவில்லை. பிறகு உன் வீடே அதிரக் கத்தினாள், "மாமி! இருக்கு! நித்திரை கொள்ளுது!" அந்தச் சத்தம் உனக்குக் குளியலறைக்குள் கேட்டிருக்கும்.

கம்பில் நிற்பது அங்கேயே நிற்கட்டும், தான் வந்து பார்க்க வேண்டும் என்கிறாள். தனக்கு வேறொன்று பின்னித் தரச் சொன்னாள், தன் பியானோவுக்கு மேலே வைக்க. தான் ஒரு பாட்டு ஒழுங்காக வாசித்தால் போதுமாம், நீ ஊரிலுள்ள எல்லோருக்கும் போன் எடுத்து அவளைப் புகழ்ந்து புழுகுகிறாயாம், அடுத்த நாள் அவளுக்கு விரல் தவறிப் பிழைத்துப் போகிறதாம். "அப்பா வந்தால் அப்பாவையே பாக்கிற மாதிரிச் செய்யுங்கோ மாமி" என்றாள். பச்சை நூல் இல்லையே குஞ்சு என்றேன். சிவப்பே போதுமாம், கோபம் வந்தால் குளுமோ சிவப்பாகிவிடுமாம். சிவப்பு நூல் அலுமாரி நிறையக் கிடக்கிறது. வளையம் போட்டுவிட்டேன்.

சுபாஸ், அவள் என்னை நம்பி ஒரு இரகசியம் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சத்தியம் வாங்கினாள், நானும் அம்மாள் மேல் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். ஆகையால் இந்தப் பின்குறிப்பை நீ வாசிக்காதே.