வைரஸை முந்தப் போன மோட்டார் சைக்கிள்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருமுறை பெயரெடுத்துவிட்டால், பிறகு தோட்டத்தில் டோர்ச் லைட் பழுதானாலும் நம்மிடம்தான் வரும். ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆபீஸில் கிளாக்கராகச் சேர்ந்த புதிதில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது. (பதுளையில் முடித்த ஒரு குட்டிக் கோர்ஸ் செய்த வேலை.) ஆபீஸ், ஃபெக்டரி, டிஸ்பென்சரி மூன்றையும் ஒரே நெட்வொர்க்கில் இணைக்க வைத்தது நான்தான். பிரஷர், சீனி வருத்தக்காரர்களின் மருந்து விபரம் எழுதிய பழைய அட்டைகளை, "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனி எதுக்குங்க இந்தக் குப்பை" என்று எரிக்கச் சொன்னவனும் நான்தான். என் அப்பாவின் அட்டையும் அதோடு எரிந்தது.

டிஸ்பென்சரியில் தாதியாக இருந்தவர் ஜெசிந்தா. கம்ப்யூட்டருக்கு ஒன்று, நெட்வொர்க் பெட்டிக்கு ஒன்று என்று அங்கே இரண்டே பிளக்குகள். பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு அதில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலைப் போடுவது அவர் வழக்கம்.

"மிஸ்ஸி, இது பிளேன்டீ போடுற எடம் இல்ல. உலகத்தையே இணைக்கிற பெட்டி" என்று ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"குளிருக்கு உங்க உலகம் டீ ஊத்தித் தருமா?" என்றார்.

மறுநாள் காலை எனக்கு ஒரு மெயில் வந்தது. பார்சல் வந்திருக்கிறது, விபரம் உள்ளே என்றது. நான் எந்தப் பார்சலுக்கும் சொல்லி வைக்கவில்லை. இருந்தாலும் நம்மையும் நினைத்து ஒருவர் அனுப்புகிறாரே என்ற சந்தோஷத்தில் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை சிவந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டோம், பணம் கட்டினால் திறப்போம் என்று எழுதியிருந்தது.

ஃபெக்டரிக்குப் போன் போட்டேன். "இங்கயும் செவப்பாத்தான் தம்பி இருக்கு" என்றார்கள். கொழும்புத் தலைமை ஆபீஸில் போனை எடுக்க ஆளில்லை. பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் அவராகவே கூப்பிட்டு, "எங்களுக்கும் வந்திருச்சுங்க, கொழும்புலயும் இதேதானாம்" என்றார். யார் விரலில் தொடங்கியது என்று கடைசி வரை தெரியவில்லை. (நான் கேட்கவும் இல்லை.)

உண்மையைச் சொன்னால், பயத்தைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது. வெலிமடைக்குப் போகும் பஸ் ஒவ்வொரு வளைவிலும் பெருமூச்சு விட்டுத்தான் ஏறும். இதுவோ நான் நாற்காலியை விட்டு எழும்புமுன் மலைக்கு மலை தாவி, கொழும்பையும் பிடித்துவிட்டது. இப்படி ஒரு தோட்டம் இருப்பதே தெரியாத எவனோ ஒருவன், எங்கிருந்தோ, முகம்கூடக் காட்டாமல் எங்கள் எல்லோரையும் பூட்டிவிட்டான். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அப்போதுதான் டிஸ்பென்சரி ஞாபகம் வந்தது. அந்த விபரம் போனால் யாருக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அப்பாவைக் கேட்டால், "காலைல வெள்ளை, ராவுல மஞ்ச" என்பார். அடுத்த மலையிலிருந்த டிஸ்பென்சரியில் போனும் கிடையாது. மோட்டார் சைக்கிளை எடுத்தேன். கொழும்பு வரை பாய்ந்ததை அடுத்த மலைக்குள் முந்திவிடலாம் என்று நம்பிய மடையன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், "கிளாக்கரய்யா, பாத்துப் போங்க" என்று சொல்லி முடிக்குமுன் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தேன்.

சேறும் சகதியுமாகப் போய் நின்றபோது, வாசலில் வயசானவர்கள் மருந்துக்கு வரிசையில் நின்றார்கள். அப்பாவும் நின்றார். உள்ளே ஜெசிந்தா பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, கம்ப்யூட்டர்..."

"நல்லாத்தானே இருக்கு. வெள்ளனவே பெட்டியைப் பிடுங்கிட்டு கேத்தல் போட்டேன். திட்டாதீங்க, இந்தா மாட்டிர்றேன்" என்று பிளக்கில் கை வைத்தார்.

பாய்ந்து தடுக்கப் போனவன், கொதிக்கிற கேத்தலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தேன்.

அன்று எல்லோருக்கும் மருந்து கிடைத்தது. என் கை இரண்டிலும் கட்டு. அதனால் விபரம் முழுவதையும் ஜெசிந்தாவே திரையைப் பார்த்துப் புது அட்டைகளில் எழுதினார். கட்டு அவிழ்ப்பதற்குள் நான் கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டேன்.

இப்போதும் நான் வீட்டில் மெயிலைத் திறக்க உட்கார்ந்தால் போதும், அப்பா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஜெசி, கேத்தலைப் போடும்மா. இவன் பார்சல் பிரிக்கப் போறான்."