அம்சவல்லி வீட்டைக் குளிர வைத்தது பற்றி

ஜமுனாமரத்தூர்,
சனிக்கிழமை மாலை

அன்புள்ள தம்பி பிரகாஷுக்கு,

அக்கா தமிழரசி எழுதுவது. நீயும் அன்பரசியும் பிள்ளைகளும் நலம் என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறேன். நம் திருப்பத்தூர் வீட்டு மொட்டை மாடிக்கும் அந்த வெள்ளைப் பூச்சை அடிக்கலாமா, அடித்தால் வீடு நிஜமாகவே குளிருமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் பல்கலைக்கழகம் எங்களை மலைக்கு அனுப்பியிருக்கிறது என்பதால் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பல துறைகள் கூடிச் செய்யும் ஆராய்ச்சி இது. பொறியாளர் மணிவேல் வீட்டைப் பார்ப்பார், நான் அதில் குடியிருப்பவர்களைப் பார்ப்பேன், பொருளாதாரப் பேராசிரியர் செலவைப் பார்ப்பார். அவருக்கு மலை வளைவுகளில் வாந்தி வருவதால் அடிவாரத்திலிருந்தே பார்க்கிறார். மின்சாரம் செலவழிக்காமல் பழைய கான்கிரீட் வீட்டைக் குளிர வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சோதனைக்குத் தன் வீட்டைக் கொடுத்தவள் அம்சவல்லி, சாமை பயிரிடுகிறவள். ஆராய்ச்சியின் மேல் உள்ள ஆசையால் கொடுக்கவில்லை. அவள் மகள் அபிநயா குழந்தை பெற்று, கணியம்பாடியில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் சம்பந்தியம்மா முனியம்மா, "உங்க வூடு பகல்ல அடுப்பு கணக்கா கொதிக்குது, கொழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு பூத்துடும்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பேரனைக் கொண்டுவரத்தான் அம்சவல்லி எங்களுக்குக் கதவைத் திறந்தாள்.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம், உள்ளே தென்னைநார்ப் பலகை பதித்தோம், சூடான காற்று வெளியேற உயரத்தில் ஒரு துவாரம் வைத்தோம். மறுவாரம் போனால் கூரையே தெரியவில்லை, தெருவிலுள்ள புளி முழுவதும் அங்கே காய்கிறது. "இது கூரைம்மா, களம் இல்ல!" என்று மணிவேல் கத்த, "சுத்தமா, வெள்ளையா கீது சார். புளிக்கு இதவிட நல்ல எடம் ஏது?" என்று அவள் அவரைப் பாராட்டினாள். துவாரத்தில் சாக்கு அடைத்திருந்தது. அணில் வருகிறதாம். இவ்வளவுக்கும் பிறகு வீட்டுக்குள் வைத்த வெப்பமானி அற்புதமான எண்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. மணிவேல் கருத்தரங்கில் பேசத் தலைப்பு வைத்துவிட்டார். எனக்கு மட்டும் சந்தேகம், அது என் பிறவிக் குணம் என்று நீதான் சொல்வாயே. இன்று காலை கேள்விகளோடு போய், வீடு இப்போது மிகக் குளிர்ச்சியா, ஓரளவா, மாற்றமே இல்லையா என்று அம்சவல்லியைக் கேட்டேன்.

"நீங்க இன்னா எழுதணும்னு சொல்லுங்கக்கா, அதையே சொல்லிடறேன்."

"உனக்கு எப்படி இருக்கிறது?"

"எனக்கு இன்னா, நான் பகல் பூரா சாமைக் கொல்லியில கீறேன்."

வெப்பமானி எங்கே என்றேன். தண்ணீர்ப் பானையின் மூடியில், ஈரத்துணிக்குப் பக்கத்தில், விருந்தாளியைப் போல உட்கார வைத்திருந்தாள். "சூடு பட்டு கெட்டுப்போச்சுன்னா சார் எங்களத்தானே கேப்பாரு?" பிரகாஷ், இத்தனை நாளாக நாங்கள் அளந்தது வீட்டை அல்ல, பானையை.

நாளை முனியம்மா வீட்டைப் பார்க்க வருகிறார். "படிச்சவங்க நீங்க. வூடு குளுகுளுன்னு கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா" என்றாள் அம்சவல்லி. அளக்காத ஒன்றை எப்படிச் சொல்வது? அங்கே இருந்த நேரம் முழுவதும் எனக்கு வேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் நானும் பானைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னால் சொல்ல முடியாது என்றேன். அவள் கோபப்படவில்லை. திரும்பிக்கொண்டு பானையைத் துடைத்தாள். ஒரு கைக்குழந்தை எங்கே தூங்கலாம் என்பதற்குக்கூடப் பதில் சொல்ல முடியாத படிப்பை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்கிறேன் என்று நினைத்தபடி அறைக்குத் திரும்பினேன்.

அன்பரசிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எங்களைவிடக் குறைவாக ஆராய்ச்சி செய்து, நீண்ட நாள் வாழட்டும்.

அக்கா,
தமிழரசி

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிறும் போய்விட்டது. முனியம்மா உச்சிவெயிலில் வந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் நீட்டிப் படுத்தார், சுவரில் முதுகை வைத்துப் பார்த்தார், பிறகு எழுந்து, "இன்னா சம்பந்தி, வூடு இப்படிச் சில்லுன்னு கீது? பச்சை ஒடம்புக்காரிக்கு ஆவுமா? சன்னி வந்தா யார் பார்க்கறது?" என்றார். ஒருவருடைய முதுகு அளவீடு ஆகாதுதான். ஆனாலும் மணிவேலின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. அம்சவல்லி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வெளி அடுப்பை உள்ளே கொண்டுவந்து, நடு வீட்டில் மூன்று கட்டை வைத்து மூட்டினாள். "இப்ப பாருங்க சம்பந்தி." முனியம்மா மறுபடி சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மகனுக்கு போன் போட்டு வண்டி எடுத்துவரச் சொன்னார். சாயங்காலம் அபிநயாவும் குழந்தையும் வந்துவிட்டார்கள். நான் விடைபெறப் போனபோது குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அம்சவல்லி வாசலில், முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வெக்கை தாங்கவில்லையாம்.