நான்கு தொழில் வீரர்

ஆற்றின் நடுவே இறங்கிய பிறகுதான், இரும்புக் கவசம் பூண்ட தம் வீரருக்கு நீச்சல் தெரியாது என்பது லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரியவந்தது.

"கவசத்தோடயா இறங்கிட்டீங்க?" என்று கேட்டார், விளையாட்டை நடத்திய பல் மருத்துவர் அம்மையார்.

"ஆத்தைக் கடக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்?"

"பாலம் இருக்குன்னும் சொன்னேனே சார்."

மெக்கானிக் பகடையை உருட்டினார். இருபது முகங்கள் கொண்ட அப்பகடை மேசைமீது நெடுநேரம் சுழன்று, 'ஒன்று' என்று காட்டி ஓய்ந்தது.

"மூழ்கிட்டீங்க," என்றார் மருத்துவர், பல்லைப் பிடுங்கிய பின் 'அவ்வளவுதான்' என்று சொல்லும் அதே கனிவோடு.

வில்லாளியாக ஆடிய மகள், கயிறு கட்டிய அம்பொன்றை எய்து அவரைக் கரைக்கு இழுத்துப் போட்டாள். அவளுடைய முறை அதிலேயே கழிந்தது. மந்திரவாதியாக ஆடிய அவளுடைய நண்பன் கொட்டாவி விட்டான். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டமையால் அவனை எல்லாரும் 'குட்டை' என்றே அழைத்தனர்.

மகள் என்பவள் மெக்கானிக்கின் மனைவியுடைய முதல் திருமணத்தில் பிறந்தவள். அவர் அவ்வீட்டிற்கு வந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. இதுவரை அவள் அவரை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. "காப்பி ஆறுது," "அம்மா கூப்பிடுறாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். செய்தி எப்படியோ அவரை வந்தடையும். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுவே அவரை வாட்டியது. அத்தனை மரியாதையை விருந்தாளிக்குத்தானே கொடுப்பார்கள்?

இந்நிலையில் ஒரு நாள் அவள் ஃபிரிட்ஜின் கதவைப் பார்த்து, "சனிக்கிழமை மத்தியானம் கீழ் வீட்டு டாக்டர்கிட்ட விளையாடுவோம். விருப்பம்னா வரலாம்," என்றாள். ஃபிரிட்ஜ் விடையளிக்காமையால், மெக்கானிக் "வரேம்மா" என்றார்.

விளையாட்டு இதுதான். ஒரு சூனியக்காரியின் கோட்டையை அடைந்து அவளை வீழ்த்த வேண்டும். வீரன், மந்திரவாதி, வைத்தியன், திருடன், வில்லாளி என ஆளுக்கொரு தொழில். வெற்றி கிட்டும்போதெல்லாம் தம் தொழிலில் ஒரு படி ஏறலாம். அல்லது புதியதொரு தொழிலின் முதற்படியில் கால் வைக்கலாம். அந்த 'அல்லது'வில்தான் மெக்கானிக் விழுந்தார்.

"அடுத்து நான் மந்திரம் கத்துக்கறேன்," என்று அவர் அறிவித்தார்.

"வீரன்லயே ரெண்டாவது படிக்குப் போங்களேன்," என்றாள் மகள். "ரெண்டு தொழில் சேக்கறதுன்னா, ஒண்ணு இன்னொண்ணுக்குக் கை குடுக்கணும்."

"அப்படி இல்லம்மா. பதினாலாவது மாடிக்கு ஏறின பிறகு ஒரு ஸ்பேனர் இல்லைன்னா, திரும்ப இறங்கி ஏறணும். லிஃப்டுதான் ஓடாதே! அதனால நான் எல்லாத்தையும் பையிலயே போட்டுக்குவேன்."

"இது பை இல்ல. ஆளு," என்றாள் மகள்.

ஆயினும் அவர் மந்திரம் கற்றார். கவசம் அணிந்தவன் வாயில் மந்திரம் பலிக்காது என்பது மறு சனிக்கிழமை தெரிந்தது. கவசத்தைக் கழற்றினார். புதரிலிருந்து வந்த குள்ளப் பூதம் ஒன்று, காலால் ஒரே ஓர் உதை விட்டது. குழுவினர் அவரை இரண்டு காதம் சுமந்து சென்றனர்.

உதைபட்டவனுக்கு வைத்தியம் தேவை என்பதால், அதற்கடுத்து வைத்தியரானார். வைத்தியர் கூரிய ஆயுதத்தைத் தொடலாகாது என்று விதி. வாள் உறையில் உறங்கிற்று.

அதன் பின் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு பூட்டிய கதவு வந்தது. பூட்டிய கதவின் முன் கைகட்டி நிற்பது அவர் பிழைப்புக்கே இழுக்கு. அன்றே திருடரானார். பூட்டைத் திறந்தார். திருட்டுக் கையால் மருந்து கொடுக்க வைத்தியர்களின் தெய்வம் ஒப்பவில்லை. மருந்தின் ஆற்றல் போயிற்று.

"என்ன சார், வாரத்துக்கு ஒரு வேலை மாத்துறீங்க?" என்றார் மருத்துவர்.

"அனுபவம் டாக்டர்."

"ராஜினாமா கடிதம்தான் கூடுது," என்றான் குட்டை.

வீட்டில், உணவுத் தட்டின் அருகே விதிப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவர் படிப்பதைக் கண்ட மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"என் பிறந்தநாள் என்னைக்குன்னு கேட்டா முழிப்பீங்க. பூதத்துக்கு எத்தனை பல்லுன்னு கேட்டா மட்டும் டக்குனு வருது!"

"கிண்டல் பண்ணாதே. அந்தப் பொண்ணு வாரத்துல மூணு மணி நேரம் எனக்கு எதிர உக்காந்து, என் முகத்தைப் பாத்து 'உங்க முறை'ன்னு சொல்றா. சுவத்தைப் பாத்து இல்ல. என் முகத்தைப் பாத்து. நான் அவங்களுக்குப் பாரம்னு ஆயிட்டா அந்த நாற்காலி போயிடும். நீ கெஞ்சி வாங்கிக் குடுத்த நாற்காலி."

"நான் எங்க கெஞ்சினேன்? நான் சொல்லி அவ எதைக் கேட்டிருக்கா?"

மனைவியின் பெருந்தன்மையை எண்ணி அவர் நெகிழ்ந்தார், நம்பவில்லை.

எட்டாவது சனிக்கிழமை கோட்டை வாயிலை அடைந்தனர். மகள் இதற்குள் ஐந்து படி ஏறி, ஒரே நேரத்தில் மூன்று அம்புகள் எய்யக் கூடியவளாகியிருந்தாள். குட்டை விரலைச் சொடுக்கினால் தீப்பந்து பறந்தது. மெக்கானிக்கோ நான்கு மாடிப்படிகளின் முதற்படியில், நான்கிலும் ஒருங்கே நின்றுகொண்டிருந்தார்.

வாயிற்காவல் பூதம் மகளின் வில்லாளியைக் கைப்பிடிக்குள் வைத்து நசுக்கத் தொடங்கியது.

"உங்க முறை," என்றாள் மகள், அவர் முகத்தைப் பார்த்து.

வாளைத் தொட்டால் வைத்தியம் கெடும். வைத்தியம் ஏற்கெனவே கெட்டிருந்தது. மீட்கலாம் என்னும் நப்பாசை இருந்தது. தெரிந்த ஒரே மந்திரம் மெழுகுவத்தி ஏற்றுவது. எஞ்சியது திருட்டு. பூதத்திடம் பூட்டு ஏது?

"டாக்டர், பூதம் இடுப்புல பெல்ட் போட்டிருக்கா?"

மருத்துவர் தம் குறிப்பேட்டைப் புரட்டினார். அதில் பூதத்தின் உடையைப் பற்றி ஒன்றும் இல்லை போலும். "போட்டிருக்கு," என்றார்.

"அதுல பூட்டு இருக்கா?"

"...இருந்துட்டுப் போகட்டும்."

"திறக்கறேன்!"

பகடை சுழன்று இருபதில் நின்றது. எட்டு வாரங்களில் அவர் இட்ட முதல் இருபது அது. பூட்டுத் திறந்தது, வார் அவிழ்ந்தது, பூதத்தின் கால்சட்டை கணுக்காலுக்கு இறங்கியது. மெக்கானிக் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"கால் தடுக்கி விழுதா டாக்டர்?"

"விழுது," என்றார் மருத்துவர், வருத்தத்தோடு. "கையில வச்சிருக்கற வில்லாளி மேலயே விழுது."

கோட்டைக் கதவு உள்ளிருந்து தாழிடப்பட்டது. எட்டு வார உழைப்பும் வில்லாளியும் பூதத்தின் அடியில் கிடந்தன. மகள் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து, மருத்துவரின் சமையலறைக்குள் ஓடினாள். போகும்போது அவள் தோள்கள் குலுங்கியதை மெக்கானிக் கண்டார்.

"அழுறா," என்றார் அவர்.

"எனக்கு அப்படித் தெரியலையே சார்," என்றார் மருத்துவர், சமையலறைப் பக்கம் காதைச் சாய்த்து.

மெக்கானிக்கின் காதில் அது ஏறவில்லை. தம் வீரரின் குறிப்புகள் எழுதிய தாளை எடுத்து நான்காக மடித்தார். பென்சிலைப் பெட்டிக்குள் வைத்தார். நாற்காலியை மேசைக்கு அடியில் மெல்லத் தள்ளி, அதன் முதுகை ஒரு முறை தடவிக் கொடுத்தார்.

"டாக்டர், நான் வந்ததுலேருந்து இந்தப் புள்ளைங்க என்னைத் தூக்கிச் சுமக்கறதே வேலையா இருக்காங்க. அடுத்த மாசம் அவ காலேஜுக்குப் போயிடுவா. அதுக்குள்ள அவ சூனியக்காரியைப் பாக்க வேண்டாமா? நான் விலகிக்கறேன். நீங்க மூணு பேருமா கதையை முடிச்சுக் குடுங்க. எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க."

மருத்துவர் குட்டையைப் பார்த்தார். குட்டை சமையலறைக் கதவை ஒரு முறை நோக்கிவிட்டு, தன் நெடிய உடலை மேசைமேல் வளைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"விலகிடாதீங்க அங்கிள், சூனியக்காரியை நாங்க போன வருஷமே கொன்னுட்டோம், உங்களோட ஒரு தடவை ஆடணும்னு அவதான் எங்களை மறுபடியும் முதல்லேருந்து ஆட வச்சிருக்கா."