முன்வீதியில் ஓர் இரகசியம்

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிறதா என்று அறியப் புலனாய்வுத்துறை தேவையில்லை. எதைக் கேட்டாலும் அந்த வீட்டார் மழையைப் பற்றிக் கதைத்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். இரு பகுதியும் சம்மதித்து நாள் குறிக்கும்வரை மழைதான். (வெயில் கொளுத்தும் சித்திரையிலும்.)

உடுப்பிட்டியில் எங்கள் வீட்டில் அந்த மழை இரண்டு வருடமாகப் பெய்துகொண்டிருந்தது. வதனி அக்காவுக்கு இரண்டு சம்பந்தங்கள் சரிவந்து, விஷயம் வெளியே கசிந்து, யாரோ எதையோ சொல்லிக் கலைத்து, இரண்டும் குழம்பிப் போயின. முதல்முறை அக்கா அழுதாள். இரண்டாம்முறை அழவில்லை, சிரிப்பதையும் விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஆகவே பண்டத்தரிப்பு ஊர்க் கணக்கு வாத்தியார் ஒருவரின் சாதகம் பொருந்தியபோது, அம்மா சுவாமியறை வாசலில் நின்று கட்டளையிட்டார்.

"இந்த முறை ஒரு காகத்துக்கும் தெரியக்கூடாது. முக்கியமாய் ரொறன்ரோப் பெரியம்மாவுக்கு!"

அந்தப் பொறுப்பை நான் வலியப் போய் ஏற்றுக்கொண்டேன். கொழும்பில் இணையப் பாதுகாப்புப் பற்றி நடந்த ஒருநாள் கருத்தரங்குக்குப் போய், மத்தியானச் சாப்பாடும் ஒரு சான்றிதழும் பெற்று வந்திருந்த காலம் அது. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். (சாப்பாடு நன்றாக இருந்தது.)

வீட்டிலிருந்த எல்லா ஃபோன்களிலும் இருப்பிடம் காட்டும் வசதியை நிறுத்தினேன். கடவுச்சொற்களை மாற்றினேன். அவை எவ்வளவு பலமானவை என்றால், அப்பா தினமும் காலையில் மரண அறிவித்தல் பார்ப்பதற்கு என் கட்டிலடிக்கு வந்து, "தம்பி, உந்தக் கோதாரியை ஒருக்காத் திறந்து தா" என்று நிற்பார். அம்மாவின் ஃபோனில் மாப்பிள்ளை வீட்டு இலக்கத்தை 'காஸ் கடை' என்று பதிந்துவைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த கிழமை சமையல் காஸ் முடிந்து, சொல்லியும் சிலிண்டர் வரவில்லை. அப்பா அம்மாவின் ஃபோனை எடுத்து, 'காஸ் கடை'க்கு அழைத்து, "உங்களுக்கு வியாபாரம் செய்ய விருப்பமில்லையெண்டால் கடையைப் பூட்டுங்கோ!" என்று வெடித்திருக்கிறார். மறுமுனையில் இருந்த மாப்பிள்ளையின் தாயார், "பிழையான நம்பர் ஐயா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அக்கா மட்டும் ஒரு நாள் கேட்டாள். "பெரியம்மாவுக்கு ஒளிக்கிறாய், சரி. என்ரை படமும் சாதகமும் எத்தினை புரோக்கர்மாற்றை ஃபோனிலை திரியுது? பிறந்த நேரம் துடக்கம் சம்பளம் வரைக்கும் கிடக்கு. அதை அனுப்பேக்கை என்னை ஒருத்தராவது கேட்டனீங்களோ?"

"அது வேறை, அக்கா" என்றேன். கருத்தரங்கில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெண் பார்க்கும் படலம் எங்கள் வழக்கப்படி கோயிலில் தற்செயலாக நடப்பதாக ஏற்பாடாயிற்று. இரு குடும்பமும் கும்பிட வரும். அங்கே எதிர்பாராமல் சந்திக்கும். சரிவராவிட்டால் ஒருவரையொருவர் காணவேயில்லை. இதற்கென்று இரு ஊருக்கும் சொந்தமில்லாத ஓர் அம்மன் கோயிலைத் தேர்ந்தோம். தேர்த்திருவிழா அன்று போவது என் யோசனை. தேர் பின்வீதிக்குப் போகும்போது சனமெல்லாம் அதன் பின்னே போய்விடும். வெறிச்சோடிக் கிடக்கும் முன்வீதியில் இரண்டு பேரும் கதைக்கலாம். இதைவிடப் பாதுகாப்பான இடம் குடாநாட்டிலேயே இல்லை என்று நான் விளக்கியபோது, அப்பாகூட ஒரு கணம் என்னை மரியாதையாகப் பார்த்தார்.

கோயில் வாசலில் எங்கள் வீட்டார் எல்லாருடைய ஃபோன்களையும் வாங்கி, நிறுத்தி, அம்மாவின் பைக்குள் போட்டேன். தேர் அசைந்தது. சனம் போயிற்று. அம்மாவும் அப்பாவும் மாப்பிள்ளையின் தாயாரும் ஒன்றுமறியாத பாவனையில் தேருக்குப் பின்னால் நடந்தார்கள். மாம்பழ மஞ்சள் சேலையில் அக்கா, தேர் வழக்கமாக நிற்கும் தேர்முட்டிக்கு முன்னால் நின்றாள். வாத்தியார் வேட்டியும் இடுப்பில் சால்வையுமாக வெறும் மேலோடு வந்தார். முதல் சந்திப்பிலேயே ஒரு மனிதனின் விலா எலும்புகளை எண்ணக்கூடிய வசதி எங்கள் கோயில்களில்தான் உண்டு.

நான் தேர்முட்டிப் படிகளுக்குப் பின்னால், கறுப்புக் கண்ணாடி போட்டு, தலையை மட்டும் நீட்டிக் காவல் காத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கோயில் தொண்டர் என் தோளில் தட்டினார். பின்னால் இன்னும் இருவர்.

"தம்பி, நீர் ஆர்?"

"கும்பிட வந்தனான்."

"கும்பிடுறவர் உந்தப் பிள்ளையை ஏன் ஒளிச்சிருந்து பாக்கிறீர்? அவவைத் தெரியுமோ?"

தெரியும் என்றால் யார் என்று கேட்பார்கள். யார் என்று சொன்னால் பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்பார்கள். என் கருத்தரங்கு மூளை மின்னலாக வேலை செய்தது.

"எனக்கு அவவைத் தெரியாது" என்றேன்.

அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கையைப் பிடித்து அலுவலக அறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுவரில் ஒரு பெரிய தொலைக்காட்சித் திரை. திரை முழுக்க என் அக்கா.

தேர்ச்சில்லு பின்வீதி மணலில் புதைந்துவிட்டதாம். பின்வீதிக் கமெராவுக்கு, சன நெரிசலில் சிக்னலும் இல்லையாம். கோபுர வாசலில் தேர் திரும்பி வருவதைக் காட்டப் பூட்டிய கமெரா மட்டும், தேர்முட்டியை, அதாவது அக்காவையும் வாத்தியாரையும், கனடாவுக்கும் லண்டனுக்கும் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. மூலையில் நேர்முக வர்ணனையாளர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி இருந்தார். தேர் இல்லாவிட்டாலும் வர்ணனை நிற்கக்கூடாதல்லவா?

"அன்பார்ந்த அடியார்களே! அம்பிகை பின்வீதியில் சற்றே இளைப்பாறுகின்ற இவ்வேளையிலே, முன்வீதியிலே மஞ்சள் பட்டாடை தரித்த நங்கையும் அவள் அருகே ஒரு நம்பியும் தாயவளின் வருகைக்காகக் காத்து நிற்கும் காட்சியைக் காண்கின்றீர்கள்! நகை அணிந்த அடியார்களே, கவனம்! படியோரம் ஒளித்திருந்த சந்தேகத்துக்குரிய நபரைத் தொண்டர்கள் அகற்றிவிட்டார்கள்!"

திரையின் ஓரத்தில் எழுத்துகள் ஓடின. பெரியம்மா தேர் பார்க்கக் கண்விழித்திருந்திருக்கிறார். 'உது எங்கடை வதனியெல்லே?' 'பக்கத்திலை ஆர்?' 'மெலிவு, ஆனா முகம் வடிவு.' 'வீட்டிலை ஒருத்தரும் ஃபோன் எடுக்கினமில்லை!' லண்டன் சித்தப்பா இதயங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

அக்காவின் மூன்றாவது சம்பந்தமும் போயிற்று, இந்த முறை என் கையாலேயே என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் திரையில் அது நடந்தது. வாத்தியார் இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா எதையோ அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஏதோ சொன்னார். அக்கா தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பொத்தக்கூட மறந்து, சிரித்தாள். இரண்டு வருடத்துச் சிரிப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அழாதை, பொலிசுக்குக் குடுக்கமாட்டம்" என்றார் ஒரு தொண்டர்.

கடைசியில் அக்காவே வந்து, "இது என்ரை தம்பிதான்" என்று மீட்க வேண்டியிருந்தது. சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசித்தாள்.

வீட்டுக்குப் போக வான் வண்டியில் ஏறியதும் ஃபோன்களை உயிர்ப்பித்தோம். உலகத்தில் இருந்த சொந்தங்களெல்லாம் எங்களை எச்சரிக்க அழைத்திருந்தன. அம்மா தலையில் கைவைத்து, "கண்டறியாத செக்யூரிட்டி! என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை போச்சே!" என்று அழத் தொடங்கினார். அப்போது அவருடைய ஃபோன் அடித்தது.

திரையில் 'காஸ் கடை'.

அம்மா அழுகையை நிறுத்தி எடுத்தார். மாப்பிள்ளையின் தாயாரின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"எங்கடை ஆக்களும் உலகம் முழுக்கப் பாத்திட்டினம். இனி ஆர் வந்து எதைச் சொல்லிக் கலைக்கிறது? மகனுக்கு நல்ல விருப்பம். பிள்ளைக்கு ஓம் எண்டால், வாற வெள்ளி நேரை வீட்டை வாறம். காஸ் வந்திட்டுதோ?"

எல்லாரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். "ஓம்" என்றாள். அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோயிலில் வாத்தியாரின் ஃபோனில் அக்கா என்ன செய்தாள் என்பது பிறகு தெரிந்தது. தன் படத்தையும் சாதகத்தையும் அவளே அழிக்கட்டும் என்று அவர் கொடுத்திருக்கிறார். புரோக்கர்களையும் ஒவ்வொருவராக அழைத்து அழிக்கச் சொன்னாராம். சான்றிதழ் இல்லாத மனிதர்.

என் சான்றிதழ் இன்னும் சுவரில் இருக்கிறது. நான் வாய் திறந்து "பாஸ்வேர்ட்..." என்று தொடங்கினால் வீடே ஒரே குரலில், "எனக்கு இவரைத் தெரியாது" என்கிறது. அக்காவின் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள்.

ஆனால் வாத்தியார் என்ன சொல்லி அக்காவைச் சிரிக்க வைத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. நேரலையில் அவர்கள் பேசியது கேட்கவில்லை. கலியாணத்துக்கு வந்த பெரியம்மா மணவறைக்கே ஏறிப்போய்க் கேட்டுப் பார்த்தார். போன மாதம் நானும் மெல்லக் கேட்டேன். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பைப் பார்க்கவென்று குசினிக்குள் போய்விட்டாள். அத்தான் முற்றத்தில் இறங்கி, வெயில் கண்ணைக் குத்தும் வானத்தை நிதானமாக அண்ணாந்து பார்த்தார்.

"இண்டைக்கு மழை வரும்போலை கிடக்கு, மச்சான்."